உறைந்த ஏரியின்மேல் ஒரு நாள்

கடற்கரை ஊரொன்றில் பிறந்து, அலையோசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் நான். மீன்பிடித்தல் என்றால் கட்டுமரமும் வலையும் உப்புக் காற்றுமே என் கண்முன் தோன்றும். நீரின்மேல் வண்டியோட்டிச் சென்று, ஒரு சிறு குடிலின் கதவைத் திறந்து, நாற்காலியில் அமர்ந்து, தரையில் இட்ட துளை வழியே மீன் பிடிப்பார்கள் என்று எவரேனும் கூறியிருந்தால், கட்டுக்கதை என்று நகைத்திருப்பேன். அதனைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எனக்குக் கிட்டியது. அங்கே கண்டதையும் கேட்டதையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் தங்கையின் மகன் அமெரிக்க நாட்டின் மினசோட்டா மாநிலத்தில், பெமிட்ஜி என்னும் சிறு நகரில் பணிபுரிகிறான். கனடா நாட்டின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாநிலம் அது. ‘பதினாயிரம் ஏரிகளின் நாடு’ என்பது அதன் செல்லப் பெயர். 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 உள்ளன என்கிறது அரசுக் கணக்கு. மாபெரும் மிசிசிப்பி ஆறு ஒரு சிற்றோடையாகப் பிறப்பதும் பெமிட்ஜிக்கு அண்மையில்தான். குளிரோ சொல்லுந்தரமன்று. 1996 பிப்ரவரி 2-ஆம் நாள் அம்மாநிலத்து டவர் என்னும் ஊரில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 51 பாகை செல்சியஸ் வரை இறங்கியதாம். இத்தகைய குளிரில் மக்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பர் என்றே எண்ணியிருந்தேன். என் எண்ணம் பொய்த்தது.

குளிர்காலச் சங்கம்

நான் சென்றிறங்கிய வாரத்திலேயே, தான் உறுப்பினனாக உள்ள மீன்பிடிப்போர் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு என்னை அழைத்துச் சென்றான் மருமகன். ஒரு பொது மண்டபத்தில் நாற்பது பேர் கூடியிருந்தனர். ஓய்வு பெற்ற ஆசிரியர், தச்சர், செவிலியர், லாரி ஓட்டுநர், பள்ளிச் சிறுவர் எனப் பலதரப்பட்டவர்கள். ஒரு மேசையில் தூண்டிற்கோல்களைப் பழுது பார்த்தனர். மற்றொன்றில் ஒரு மூதாட்டி, இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் சுற்றிப் பொய்யிரை செய்யும் கலையைச் சிறுமியர் இருவர்க்குக் கற்பித்துக்கொண்டிருந்தார்.

பின்னர்ச் செயலர் எழுந்து குளிர்காலச் செய்திகளை வாசித்தார். அவற்றுள் ஒன்று என் கருத்தைக் கவர்ந்தது. ஆழமில்லாத ஏரிகளின்மேல் பனிக்கட்டியும், அதன்மேல் வெண்பனியும் கனத்து மூடிவிட்டால், கதிரொளி நீருக்குள் இறங்காது. நீர்ச்செடிகள் உயிர்வளியை வெளியிடுவது நின்றுபோகும். உள்ள உயிர்வளியும் சிறிது சிறிதாகத் தீர்ந்து, மீன்கள் மூச்சுமுட்டி மாண்டுபோகும். இதனைத் தடுக்க, ஒரு சிறிய ஏரியில் காற்றூட்டும் கருவி ஒன்றைச் சங்கத்தார் முறை வைத்துக் காவல் செய்கின்றனர். கருவி இயங்கும் இடத்தில் பனி உருகி நீர் திறந்திருக்குமாதலால், அறியாமல் எவரும் அங்கே கால் வைத்துவிடாதபடி சுற்றிலும் எச்சரிக்கைப் பலகைகளை நட வேண்டும். ‘இவ்வாரம் பலகைகளைப் பார்வையிடப் போவோர் யார்?’ என்று கேட்டதும் ஐந்தாறு கைகள் உயர்ந்தன. மீன் பிடிப்பதற்கென அமைந்த சங்கம் குளிர்காலத்தில் மீனுக்குக் காவல் நிற்பதைக் கண்டு வியந்தேன்.

கம்பி சொன்ன செய்தி

சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டோம். அது பிள்ளைகளைப் பனிமீன் பிடிக்க அழைத்துச் செல்வதற்கென மாநில அரசு குறித்த வார இறுதி. 15 வயதும் அதற்குட்பட்டும் உள்ள பிள்ளைகளை உடனழைத்து வரும் அம்மாநிலத்தார்க்கு அந்நாள்களில் உரிமச் சீட்டு வேண்டியதில்லை. வெளிநாட்டவனாகிய நான் ஒருநாள் சீட்டு வாங்கிக்கொண்டேன். வடக்கே ‘ரெட் லேக்’ என்னும் பேரேரியை நோக்கி வண்டிகள் சென்றன. நம் மொழியில் அதனைச் ‘செவ்வேரி’ எனலாம். மேலேரி, கீழேரி என இரண்டாகப் பிரிந்து, ஒரு குறுகிய நீர்வழியால் இணைந்த அதன் பரப்பு ஏறத்தாழ 450 சதுர மைல். முழுவதும் மினசோட்டாவுக்குள் அடங்கிய ஏரிகளுள் இதுவே பெரியது.

மேலேரியின் கீழ்க்கரையில் உள்ள வாஸ்கிஷ் என்னும் குக்கிராமத்தை அடைந்தபோது பொழுது புலர்ந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மை. கரை எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்று அறியக் கூடவில்லை. தொலைவில் சிறு சிறு குடில்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. ஆவலால் நான் முன்னே அடியெடுத்து வைத்தேன். மருமகன் என் தோளைப் பற்றி நிறுத்தினான்.

“பொறுங்கள் மாமா. முதலில் கம்பி பேசட்டும். பிறகு நாம் நடப்போம்.”

முதியவர் ஒருவர் நுனி கூரிய இரும்புக் கம்பியால் பனியைக் குத்தியவாறு முன்னே நடந்தார். பனி கெட்டியாக இருந்தால் கம்பி ஒலிக்கும். மெலிந்திருந்தால் உள்ளே இறங்கும். பல குளிர்காலங்களாக இவ்வேரிக்கு வரும் அவர் அன்றும் அடிக்கொரு குத்துக் குத்தியே சென்றார். நடப்பதற்குத் தெளிந்த பனிக்கட்டி 4 அங்குலமேனும் இருத்தல் வேண்டும். பனிச்சறுக்கு வண்டிக்கு 5 முதல் 7 அங்குலம். சிறிய காருக்கு 9 முதல் 10 அங்குலம். வெண்பனி கலந்து வெளுத்த பனிக்கட்டிக்கு வலிமை பாதியே. ஆதலின் அதற்கு இரு மடங்கு கனம் வேண்டும். ‘முற்றிலும் பாதுகாப்பான பனி என ஒன்று இல்லவே இல்லை’ என்பது அங்குள்ளோர் நாவில் பழகிய வாக்கு. ஒவ்வொருவர் கழுத்திலும், கயிற்றால் பிணைத்த இரண்டு கூர் ஆணிகள் தொங்கின. தவறி நீரில் விழுந்தால், அவற்றைப் பனியில் ஊன்றியே மேலேறி வர வேண்டுமாம். எனக்கும் ஒரு சோடி மாட்டிவிட்டார்கள்.

காலடியில் நீர் எவ்வாறு இப்படி உறைகிறது? அடியில் மீன் எவ்வாறு உயிர் வாழ்கிறது? பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனத்து அடியிறங்குவதே இயல்பு. நீரோ 4 பாகை செல்சியஸ் வரை சுருங்கி, அதற்குமேல் குளிர்ந்தால் விரியத் தொடங்குகிறது. உறைந்த பனிக்கட்டி நீரைவிட இலேசானது, ஆகவே மிதக்கிறது. ஏரி மேலிருந்து கீழாக உறைவதும், அடிநீர் உறையாமல் மீன்களுக்கு உறைவிடமாவதும் இதனாலேயே. பனிக்கட்டி மட்டும் நீரில் மூழ்கும் பொருளாயிருந்தால் இவ்வடநாட்டு ஏரிகளில் மீனினம் ஏது?

துளையின் அருகே

தச்சரின் துறப்பணத்தைப் பன்மடங்கு பெரிதாக்கினாற் போன்ற கருவியால் 8 அங்குல அகலத்தில் துளைகள் இட்டனர். துளையில் கருநீர் பொங்கி எழுந்து அடங்கியது. மேலே சிறு கூடாரம். உள்ளே எரிவாயு அடுப்பு. அடுப்பு எரியும்போது காற்றுப் போக்கியை மூடலாகாது என்று மூன்று முறை எச்சரித்தனர். மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று மூடிய குடிலில் உறங்குவோரை எழவொட்டாமல் செய்துவிடுமாம்.

கோடையில் ஒருவர்க்கு ஒரே தூண்டில் என்பது அம்மாநிலச் சட்டம். பனியில் மட்டும் இரண்டு அனுமதி. ஒன்றைக் கையில் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். மற்றொன்று துளையின்மேல் பொருத்திய சட்டத்தில் இருக்கும். மீன் கடித்தால் அதில் மடக்கி வைத்த செந்நிறக் கொடி சட்டென நிமிரும். வெளியே கொடி நிமிர்ந்தபோதெல்லாம் குழந்தைகள் கூவிக்கொண்டு ஓடினர். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் வாழ்நாளின் முதல் மீனைத் தூக்கியபோது எழுந்த ஆரவாரம் உறைந்த ஏரியெங்கும் எதிரொலித்தது.

அவர்கள் நாடுவது ‘வால்ஐ’ என்னும் மீன். பொன்னும் பச்சையும் கலந்த மேனி. கண்ணாடி போல் ஒளிரும் பெரிய கண்கள். கண்ணின் உட்புறத்தே ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால், அந்தி மங்கலிலும் இதனால் இரை தேட முடிகிறது. ஆதலின் வைகறையும் மாலையுமே இதனைப் பிடிக்க ஏற்ற பொழுதுகள். 1965-இல் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட பெருமையும் இதற்கு உண்டு. காலையில் மூன்று மணி நேரம் அமர்ந்தும் என் தூண்டிலை எதுவும் தொடவில்லை. அருகிருந்த முதியவரிடம் குறைபட்டுக்கொண்டேன். அவர் புன்னகைத்து, “மூன்று மணி நேரம் பெரிதா? இந்த ஏரிக்காக நாங்கள் ஏழாண்டு காத்திருந்தோம்” என்றார்.

ஏரி பிழைத்த கதை

அவர் கூறிய வரலாறு இதுதான். கீழேரி முழுவதும், மேலேரியில் பாதிக்கு மேலும், ரெட் லேக் ஓஜிப்வே பழங்குடி மக்களுக்கு உரியவை. அவர்கள் வால்ஐ மீனை ‘ஓகா’ என்பர். எஞ்சிய கீழ்ப்பகுதியே ஏனையோர் தூண்டிலிடும் இடம். முதல் உலகப் போர்க்காலமாகிய 1917-இல், உணவுத் தட்டுப்பாட்டை முன்னிட்டு இவ்வேரியில் வாணிக நோக்குடன் வலைவீசத் தொடங்கினர். போர் முடிந்தது, வலை ஓயவில்லை. பல்லாண்டுகள் ஏரி வாரி வழங்கியது. வலையால் அள்ளியோரும், தூண்டிலால் மிகுதியாய்ப் பிடித்தோரும், திருட்டுத்தனமாக விற்றோருமாக எல்லாரும் எடுத்தனர். 1990-களின் நடுவில் அங்கே வால்ஐ ஏறத்தாழ அற்றே போயிற்று.

ஒருவரையொருவர் பழித்துக்கொண்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் 1997-இல் பழங்குடி மீனவர் தாமாகவே வாணிக வலையை நிறுத்தினர். அவர்களுக்கு அது பொழுதுபோக்கன்று, அடுப்பெரிவதற்கான தொழில். 1999-இல் பழங்குடி மன்றமும் மாநில அரசும் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, ஏரி முழுவதிலும் வால்ஐ பிடிப்பதை நிறுத்தின. 1999, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் கோடிக்கணக்கான மீன்குஞ்சுகளை ஏரியில் விட்டனர். பின்னர்க் காத்திருந்தனர். அவ்விடைக்காலத்தில் ‘கிராப்பி’ என்னும் வேறொரு மீன் மேலேரியில் பெருகிக் கரையோர விடுதிகளை ஓரளவு வாழவைத்தது. 2006-ஆம் ஆண்டு மே மாதம் ஏரி மீண்டும் திறக்கப்பட்டபோது, மாநிலப் பகுதியில் ஒருவர்க்கு இரண்டே வால்ஐ என அளவு வகுத்தனர். இன்றும் மீன்வளத்தைக் கணக்கிட்டே அளவு வகுக்கின்றனர்.

“அந்த ஏழாண்டில் என் மகன் சிறுவனாயிருந்து இளைஞனாகிவிட்டான். அவனுக்கு இங்கே ஒரு வால்ஐ கூடப் பிடித்துக் காட்ட இயலவில்லை. இன்று என் பேத்திக்குக் காட்டுகிறேன்” என்றார் முதியவர். காலையில் ஆரவாரம் எழுப்பிய சிறுமி அவருடைய பேத்திதான்.

மெலியும் பனி

மாலையில் பேச்சு 2023-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்றின்பால் திரும்பியது. ஆழம் குறைந்த மேலேரி, மாநிலத்தின் பெரிய ஏரிகளுள் முந்தி உறையும் இயல்புடையது. அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று, மீன்பிடிப்போர் நூற்றுக்கு மேற்பட்டோர் நின்றிருந்த பெரும்பனித்தகடு ஒன்று கரையிலிருந்து பிளந்து அகன்றது. மீட்புப் படையினர் படகுகளோடு விரைந்து வந்து அனைவரையும் உயிரோடு கரை சேர்த்தனர். அக்குளிர்காலமே மினசோட்டாவின் பதிவேடுகளில் மிகவும் வெப்பமான குளிர்காலமாயிற்று. கடந்த அரை நூற்றாண்டில் அம்மாநில ஏரிகள் சராசரியாக 10 முதல் 14 நாள் பனிக்காலத்தை இழந்துவிட்டன என்று அரசின் ஆய்வாளர் கூறுகின்றனர். வெறும் பத்து நாள்தானே என்று தோன்றலாம். ஆனால் எந்நாளில் கால் வைக்கலாம் என்று தந்தை மகனுக்குச் சொல்லிவந்த கணக்கு, அந்தப் பத்து நாளால் பிழையாகிவிடுகிறது. முதியவர் அடிக்கொரு குத்துக் குத்தியதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பொழுது சாயும் வேளையில் என் தூண்டில் நடுங்கியது. மேலே வந்தது ஒரு வால்ஐ. என் முன்கை நீளம் இருக்கும். மருமகன் அளவுகோலை வைத்துப் பார்த்து, “இது திரும்பப் போக வேண்டியது மாமா” என்றான். பெரிய மீன்கள் முட்டையிடும் தாய்கள். பனி உருகிய பின் ஏப்ரலில் அவை இனம் பெருக்கும். நாளெல்லாம் காத்துப் பெற்றதை விட மனம் வரவில்லைதான். ஆயினும் துளையருகே மண்டியிட்டு, இரு கைகளாலும் நீரில் இறக்கினேன். கணநேரம் அசைவற்றிருந்து, வாலை ஒரு முறை சுழற்றி, இருளில் மறைந்தது. பின்னர்ப் பிள்ளைகள் உட்பட அனைவரும் தாள் துண்டு, புட்டி, நரம்புத் துணுக்கு ஒன்றும் விடாமல் பொறுக்கியெடுத்தனர். பனியில் குப்பையை விட்டுச் செல்வதைத் தடுக்கும் சட்டமும் 2023-இல் வந்துள்ளது.

ஊர் திரும்பிய பின், ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாது கரையில் கட்டிக்கிடப்பதைக் கண்டேன். ஆண்டுதோறும் காணும் காட்சிதான். அந்நாள்களில் மீனவர் வீடுகளில் படும் இடர் எனக்குப் புதிதன்று. அதனை எளிதாகப் பேச எனக்கு மனமில்லை. எனினும் துறைமுகத்து மேடையில் வலை பின்னிக்கொண்டிருந்த என் பால்ய நண்பரின் அருகே அமர்ந்து, பனி மூடிய செவ்வேரியின் கதையைச் சொன்னேன். அவர் கைவேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஏழாண்டு கழித்துப் போனபோது, மீன் இருந்ததா?”

“இருந்தது” என்றேன். அவர் தலையசைத்து, அடுத்த கண்ணியைப் பின்னத் தொடங்கினார்.