பழைய தளமும் பூட்டிய அலமாரியும்

இணையதளத்தைப் புதுப்பிப்பது என்றாலே பலருக்கும் கலரும் படமும்தான் ஞாபகத்துக்கு வரும். மதுரைத் திட்டத்தின் கதை வேறு. 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய இம்முயற்சி, தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இலவசமாகத் தருகிறது. ஆரம்ப ஆண்டுகளில் அவை திஸ்கி குறியாக்கத்தில் வந்தன. அதற்கான எழுத்துரு கணினியில் இல்லையா? திருக்குறளும் வெறும் கிறுக்கல்தான்! 2004 முதல் யுனிகோடிலும் வெளியிட்டார்கள்.

பக்கங்கள் இன்றும் எளிமையானவைதான். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து மின்சார ரயிலில் திரும்புகிறவர், எதையும் தனியே நிறுவாமல் அதே குறளைக் கைபேசியில் படிக்கலாம்.

திருவள்ளூர்ப் பக்கம் கல்விக்காகத் தளம் நடத்தும் அமைப்புகளும் அழகுபடுத்தும் முன் ஒன்றைக் கேட்டுப் பார்க்கட்டும்: பழைய போனில் இது திறக்குமா? புத்தகம் இலவசம், அலமாரிக்கு மட்டும் பூட்டு என்றால் யாருக்கு லாபம்?