மண்வெட்டியால் பிறந்த தீவு

கடல் சூழ்ந்த நிலத்தைத் தீவு என்கிறோம். எரிமலைக் குழம்பு இறுகித் தோன்றிய தீவுகள் உண்டு. பவள உயிரிகள் நெடுங்காலமாகக் கட்டி எழுப்பிய தீவுகளும் உண்டு. நான் பெரிதும் விரும்பும் தீவோ இவ்விரு வகையிலும் சேராதது. அது மனிதர்கள் மண்வெட்டி கொண்டு உண்டாக்கிய தீவு. எந்த நிலப்படத்திலும் அதனைக் காண இயலாது. ஒரு நூலின் பக்கங்களுக்குள் மட்டுமே அது இருக்கிறது.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் தாமஸ் மோர் இலத்தீன் மொழியில் எழுதிய ‘யுடோபியா’ என்னும் நூல் 1516ஆம் ஆண்டு லூவன் நகரில் அச்சாயிற்று. கடலோடிகள் புதிய நிலங்களைக் கண்டு திரும்பி, அவற்றைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லிய காலம் அது. ரஃபேல் என்னும் கற்பனைப் பயணி, தான் நேரில் கண்ட ஒரு தீவைப் பற்றி மோரிடம் கூறுவதாக நூல் அமைந்துள்ளது. தீவின் பெயரைக் கிரேக்கச் சொற்களால் மோரே ஆக்கினார். ‘இல்லாத இடம்’ என்பது அதன் பொருள். ‘நல்ல இடம்’ என்றும் அது ஒலிக்கும்.

அத்தீவின் தொடக்க வரலாறே என்னை முதலில் ஈர்த்தது. முன்னாளில் அந்நிலம் அப்ராக்ஸா என வழங்கியது. பெருநிலத்தோடு ஒட்டியே அது கிடந்தது. யுடோப்பஸ் என்னும் மன்னன் படையுடன் வந்து அதனை வென்றான். வென்றவுடன் அவன் இட்ட ஆணை வியப்புக்குரியது. பெருநிலத்தோடு இணைந்திருந்த பகுதியை 15 மைல் அளவுக்கு வெட்டிக் கடலை உள்ளே விடுமாறு பணித்தான். அப்பணிக்குத் தோற்றவர்களை மட்டும் அவன் அனுப்பவில்லை. அதனைத் தங்களுக்கு நேர்ந்த இழிவாக அவர்கள் கருதிவிடக் கூடாது என்று எண்ணித் தன் படைவீரர்களையும் அவர்களோடு சேர்ந்து மண் வெட்டச் செய்தான். பலர் கூடி உழைத்தமையால் பணி விரைந்து முடிந்தது. தொடக்கத்தில் எள்ளி நகையாடிய அண்டை நாட்டார் பின்னர் வியந்தனர்; அஞ்சவும் செய்தனர்.

இப்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் என் பள்ளி நாள்கள் நினைவுக்கு வரும். தந்தையாரின் பணிமாற்றம் காரணமாக நான் வடநாட்டுப் பள்ளி ஒன்றில் பயின்றேன். வங்காளம், மலையாளம், பஞ்சாபி, ஒடியா எனப் பல மொழிகள் பேசும் வீட்டுப் பிள்ளைகள் நாங்கள் ஒரே வகுப்பில் இருந்தோம். நாங்களும் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தீவை வரைந்தோம். அதற்குக் கொடி அமைத்தோம். நாணயத்தில் யாருடைய முகம் இருக்க வேண்டும் என்று நாள்கணக்கில் வாதிட்டோம். யார் அரசர் என்பது இறுதிவரை முடிவாகவில்லை. அவ்வாண்டு விளையாட்டுத் திடலைச் சீர்செய்யும் பணி எங்கள் வகுப்புக்கு வந்தது. கல் பொறுக்கி, மேடு வெட்டி, பள்ளம் நிரப்பிய அந்த மூன்று நாள்களில், யார் எந்த மாநிலத்தவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கொடியும் நாணயமும் தராத ஒற்றுமையை மண்கூடை தந்தது.

யுடோபியா ஒரே நாளில் செழித்துவிடவில்லை. தங்கள் 1760 ஆண்டு வரலாற்றை அம்மக்கள் எழுதிக் காத்தனர் என்கிறார் மோர். முதலில் அவர்களுடைய வீடுகள் மண்சுவரும் கூரையும் கொண்ட சிறு குடில்களாகவே இருந்தன. மூன்று அடுக்கு மாளிகைகள் பிற்காலத்தில் எழுந்தவை. நகரின் வரைபடத்தை வகுத்த யுடோப்பஸ், அதனை அழகுபடுத்தும் பொறுப்பை வருங்காலத் தலைமுறையினருக்கே விட்டுவிட்டான். அதற்கு ஒருவர் வாழ்நாள் போதாது என்பதை அவன் உணர்ந்திருந்தான். ஒரு காலத்தில் கப்பல் உடைந்து ரோமானியரும் எகிப்தியரும் சிலர் அங்கே கரையேறினர். அவர்களிடமிருந்து பயனுள்ள கலைகள் அனைத்தையும் தீவினர் கற்றுக்கொண்டனர். கடலை வெட்டித் தம்மைப் பிரித்துக்கொண்டவர்கள், கடல் கொண்டுவந்து சேர்த்தவர்களைப் புறக்கணிக்கவில்லை.

யுடோப்பஸ் செய்த மற்றொன்றும் எண்ணத்தக்கது. அவன் வருமுன் அம்மக்கள் சமயத்தின் பெயரால் ஓயாது பூசலிட்டனர். அவர்கள் பிளவுபட்டுக் கிடந்ததே அவனுடைய வெற்றிக்கு வழிவகுத்தது. ஆகவே, அவரவர் விரும்பிய சமயத்தை அவரவர் பின்பற்றலாம், பிறரை அமைதியாக எடுத்துரைத்தே இணங்கச் செய்யலாம், வன்முறையும் வசைமொழியும் கூடா எனச் சட்டம் வகுத்தான். இதனை எழுதிய மோர், பின்னர் இங்கிலாந்தின் உயர்பதவியில் அமர்ந்தபோது மாற்றுச் சமயக் கருத்துடையோர் தண்டிக்கப்பட்டனர். மன்னர் எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்தமையால் 1535இல் அவரும் கொல்லப்பட்டார். ஏட்டில் எழுதிய நல்ல சட்டம் நாட்டில் நிலைபெறுவது எத்துணை அரிது!

யுடோபியாவும் குறையற்ற நாடன்று. நாளொன்றுக்கு ஆறு மணி நேர உழைப்பு, தனியுடைமை இன்மை, பூட்டில்லாத கதவுகள் ஆகியவற்றை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் அங்கே அடிமைகள் இருந்தனர். அவர்களைப் பொன் விலங்கால் பிணித்தனர். மக்கள்தொகை பெருகியபோது அத்தீவினர் பெருநிலத்தில் குடியேறினர். தம் சட்டத்துக்கு இணங்காத அந்நிலத்தாரை விரட்டினர். தோற்றவரையும் வென்றவரையும் ஒன்றாக நிற்கச் செய்த அந்த முதல் நாளின் நெறியைக் கால்வாய்க்கு அப்பால் அவர்கள் கொண்டுசெல்லவில்லை. அந்நூலைப் படித்து முடிக்கும்போது என் மனத்தில் எஞ்சும் வருத்தம் இதுவே.

கற்பனைத் தீவை அமைப்பது வீண் பொழுதுபோக்கன்று. நாம் எத்தகைய நாட்டில் வாழ விரும்புகிறோம் என்பதை அது நமக்கே காட்டிவிடும். நீங்களும் ஒரு தீவை வரைந்து பாருங்கள். கொடியும் நாணயமும் பிறகு வரட்டும். அங்கே செய்யவேண்டிய முதல் பணி எது, அதில் யார் யார் கைகோப்பர், கரையேறி வருபவரை எவ்வாறு வரவேற்பீர்கள் என்பவற்றை முதலில் எழுதுங்கள்.

சொற்பொருள்
எள்ளி நகையாடுதல் – இகழ்ந்து சிரித்தல்
பூசல் – சண்டை
வசைமொழி – பழிச்சொல்
எத்துணை – எவ்வளவு
எஞ்சும் – மிஞ்சும்

சிந்தித்து விடை எழுதுக
1. யுடோப்பஸ் தன் படைவீரர்களையும் மண் வெட்டச் செய்தது ஏன்?
2. நகரை அழகுபடுத்தும் பணியை அவன் வருங்காலத்தவருக்கு விட்டதன் காரணம் யாது?
3. ‘யுடோபியாவும் குறையற்ற நாடன்று’ என்று ஆசிரியர் கூறுவதை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தருக.