ஒரு எல்.கே.ஜி. சீட்டும் ஒரு கையெழுத்தும்

கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் மூணு, நாலு வயசுக் குழந்தை இருக்கிறவங்க மட்டுமாவது கடைசி வரை படிச்சிடுங்க.

நான் அரசு மருத்துவமனை டாக்டர். பள்ளிக்கூட விஷயத்தில் உனக்கென்ன வேலைன்னு கேட்கலாம். ரெண்டு காரணம் இருக்கு.

ஒண்ணு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக வட்டார அளவில் பள்ளிக்கல்வித் துறை நடத்தும் மருத்துவ முகாம்களுக்கு நானும் போவேன். அந்த முகாம், சிறப்பாசிரியர், பிசியோதெரபிஸ்ட் எல்லாத்துக்கும் காசு 'சமக்ர சிக்ஷா' என்கிற திட்டத்தில் இருந்துதான் வருது. இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க. கீழே மறுபடியும் வரும்.

ரெண்டு, ஏப்ரல், மே மாசம் ஆனா எங்க ஓ.பி.க்குச் சளி, இருமலோட வர்ற அம்மாக்கள் மாத்திரைச் சீட்டை வாங்கிட்டு, "சார், ஆர்.டி.இ. எப்போ திறக்கும், தெரியுமா?"ன்னு கேட்பாங்க. படிச்சவங்க யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி அது.

கட்சி அரசியல் பேச வரல. நான் அரசு ஊழியர். ஆனா பணம் எப்படி நகருதுன்னு பேசாம பள்ளியைப் பத்திப் பேச முடியாது.

முதல்ல ஆர்.டி.இ.ன்னா என்னன்னு பார்த்துடுவோம்.

2009ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதில் 12(1)(சி) என்று ஒரு பிரிவு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள், நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழை, நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கணும். பெற்றோர் ஃபீஸ் கட்ட வேண்டாம். அரசே பள்ளிக்குக் கொடுக்கும். எவ்வளவு? அரசுப் பள்ளியில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு, இந்தப் பள்ளி வாங்கும் ஃபீஸ், ரெண்டில் எது குறைவோ அது.

நல்ல சட்டம்தான். ஏழைக் குழந்தையும் வசதியான வீட்டுக் குழந்தையும் ஒரே பெஞ்சில் உட்காரணும்னு நினைச்சது. அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை.

"அரசு காசு கொடுக்கட்டும், பள்ளியைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும்" என்ற யோசனை உலகத்துக்குப் புதுசு இல்லை. 1955ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் இதை எழுதினார். நாடு முழுக்க இதைப் பெரிய அளவில் செய்தது சிலி. 1981ல், பினோசேயின் ராணுவ ஆட்சியில். பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பாங்கன்னு ஆரம்பிச்சது, போகப் போகப் பள்ளிகள் குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பதில் போய் நின்னது. அரசுப் பள்ளிகள் காலியாச்சு. 2006லும் 2011லும் மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடினாங்க. அப்புறம் 2015ல்தான் அரசுப் பணம் வாங்கும் பள்ளிகள் மாணவரை வடிகட்டிச் சேர்க்கவும் லாபம் பார்க்கவும் தடை போட்டுச் சட்டம் வந்தது.

நம்ம ஊர் 25 சதவீதம் அந்த அளவுக்குப் பெருசு இல்லை. ஆனா அடிப்படைக் கேள்வி ஒண்ணுதான். தேர்ந்தெடுக்கிற உரிமை உங்களுக்கு. அதுக்கான காசு யார் பையில் இருக்கு? காசு வச்சிருக்கிறவர் போடுற நிபந்தனைதான் கடைசியில் நிக்கும்.

எனக்குத் தெரிந்த துறையை வச்சுச் சொல்றேன். 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012ல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆச்சு. கார்டு இருந்தா பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கும் போகலாம், எங்ககிட்டயும் வரலாம். இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். அந்தப் பட்டியலில் அரசு மருத்துவமனையும் இருக்கு. நாங்க ஆபரேஷன் பண்ணினா அந்தத் தொகை எங்க ஆஸ்பத்திரிக்கு வருது. அதில் கருவி வாங்கலாம், வார்டைச் சரி பண்ணலாம். நோயாளி எங்களைத் தேர்ந்தெடுத்தா நாங்களும் வளருவோம்.

ஆர்.டி.இ.யில் அப்படி இல்லை. காசு ஒரு பக்கம்தான் போகும். அரசுப் பள்ளிக்கு வர வேண்டிய குழந்தை தனியாருக்குப் போகும்போது, குழந்தையும் போகுது, அந்தக் குழந்தை பேரில் அரசுக் காசும் போகுது. பிறகு "மாணவர் எண்ணிக்கை குறைவு"ன்னு ஆசிரியர் பணியிடமும் போகுது.

இன்னொண்ணு. தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் ஆரம்பிக்குது. பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளி ஒண்ணாம் வகுப்பில் ஆரம்பிக்குது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினாங்க. மாநிலம் முழுக்க உள்ள பள்ளிகளோடு ஒப்பிட்டா அது ரொம்பக் கொஞ்சம். மூணு வயசுக் குழந்தையோடு நிற்கிற அம்மாவுக்கு அரசுப் பள்ளி என்ற வாய்ப்பே பல ஊர்களில் கண்ணில் படாது. இதுக்குப் பேர் தேர்வா?

சரி, இப்போ 2025க்கு வருவோம்.

ஆர்.டி.இ. பணத்தில் ஒன்றிய அரசின் பங்கு, மேலே சொன்ன சமக்ர சிக்ஷா வழியாத்தான் வருது. ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்ற கணக்கு.

2022 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 'பி.எம். ஸ்ரீ' என்று வேறொரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நாடு முழுக்க 14,500 பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளா மாத்துறது. அதில் சேர மாநிலம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடணும். போட்டா தேசியக் கல்விக் கொள்கையை முழுசா ஏத்துக்கிட்டதா ஆகும். மும்மொழி உட்படப் பல விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு உடன்பாடு இல்லை. கையெழுத்துப் போடல.

விளைவு? 2024-25க்கான சமக்ர சிக்ஷா பணம், சுமார் 2,152 கோடி ரூபாய், வரல. மாநில அரசு 2025 மே மாசம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

இந்தக் கொள்கை நல்லதா, கெட்டதா என்ற விவாதத்தை விட்டுடுங்க. ஒரு திட்டத்தில் கையெழுத்துப் போடாததுக்கு வேறொரு திட்டத்தின் பணம் நின்னுச்சு. அந்தப் பணத்துக்குள்ளேதான் ஏழைக் குழந்தையின் எல்.கே.ஜி. சீட்டும் இருந்துச்சு. என் பாஷையில் சொன்னா, எக்ஸ்ரே பில் பாக்கின்னு குழந்தைக்குப் போட்டிருந்த டிரிப்பை நிறுத்துற மாதிரி.

மாநில அரசு என்ன பண்ணுச்சு? வழக்கமா ஏப்ரல், மே மாசம் திறக்கிற ஆர்.டி.இ. விண்ணப்பத்தைத் திறக்கவே இல்லை. "பணம் வரல, என்ன செய்யறது" என்பது அவங்க பக்க நியாயம். ஆனா சட்டத்தின் 7வது பிரிவு, நிதிப் பொறுப்பு ரெண்டு அரசுக்கும் சேர்ந்ததுன்னு சொல்லுது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. ஆர்.டி.இ. பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. அதே நேரம், டெல்லியில் இருந்து பணம் வரலன்னு சொல்லி மாநிலமும் தன் கடமையில் இருந்து நழுவ முடியாது.

எங்க மருத்துவமனையில் ஒப்பந்த வேலையில் செக்யூரிட்டியா ஒரு அக்கா இருக்காங்க. பேர் வேண்டாம். மூணு வயசு முடிஞ்ச பையன். வருமானச் சான்று, பிறப்புச் சான்று, ஆதார், எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மே மாசம் முழுக்க டூட்டிக்கு வரும்போது கையோடு கொண்டு வந்தாங்க. "சார், இன்னைக்குத் திறந்திருக்கான்னு செல்லுல பாருங்க." தினமும் பார்ப்பேன். தினமும் இல்லை.

ஜூனில் பக்கத்துத் தனியார் பள்ளிக்குப் போய்க் கேட்டிருக்காங்க. "ஆர்.டி.இ. வருமா வராதான்னு எங்களுக்கே தெரியாதும்மா. ஃபீஸ் கட்டிச் சேருங்க, வந்தா பார்த்துக்கலாம்"னு சொல்லிட்டாங்க. வட்டிக்கு வாங்கிக் கட்ட அக்காவுக்குத் தைரியம் வரல. பையனை அங்கன்வாடிக்கு அனுப்பினாங்க.

ஒருவழியா ஆர்.டி.இ. பங்குப் பணம் விடுவிக்கப்பட்டு, அக்டோபர் தொடக்கத்தில் சேர்க்கை அறிவிப்பு வந்துச்சு. யாருக்கு? அந்தந்தப் பள்ளியில் ஏற்கெனவே சேர்ந்து படிக்கிற குழந்தைகளில் தகுதி உள்ளவங்களுக்கு. கட்டின ஃபீஸைப் பள்ளி திருப்பித் தரணும்.

நடு வருஷத்தில் குழந்தைகளைப் பள்ளி மாத்த வேண்டாம் என்ற காரணம் புரியுது. ஆனா நடந்தது என்னன்னு யோசிங்க. ஃபீஸ் கட்ட முடியாதவங்களுக்காக ஒதுக்கின சீட், நாலு மாசம் ஃபீஸ் கட்டித் தாக்குப் பிடிக்க முடிஞ்சவங்களுக்குப் போச்சு. கட்டவே முடியாதவங்க வரிசையிலேயே இல்லை.

"அடுத்த வருஷம் போடலாமா சார்?"னு அக்கா கேட்டாங்க. அடுத்த வருஷம் எல்.கே.ஜி.க்கு வயசு தாண்டிடும். எல்.கே.ஜி. இல்லாத பள்ளியில்தான் ஒண்ணாம் வகுப்பில் ஆர்.டி.இ. கிடைக்கும். அவங்க வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அப்படி ஒரு பள்ளி இல்லை. டெல்லியில் எந்த அமைச்சர், சென்னையில் எந்த அமைச்சர்னு அந்தப் பையனுக்குத் தெரியாது. அவங்க சண்டையின் செலவை அவன் ஏத்துக்கிட்டான்.

அந்த அக்காவுக்கு மூத்த பொண்ணு ஒண்ணு. 2015ல் ஆர்.டி.இ.யில் எல்.கே.ஜி. சேர்ந்தவ. 2025ல் எட்டாம் வகுப்பு முடிச்சா. ஆர்.டி.இ. எட்டாம் வகுப்போடு முடிஞ்சிடும்! இது பலருக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்புக்கு முழு ஃபீஸ் கேட்டாங்க. பத்து வருஷம் ஒண்ணா படிச்ச தோழிகளை விட்டுட்டு அந்தப் பொண்ணு அரசுப் பள்ளிக்கு மாறுச்சு. இப்போ நல்லாப் படிக்குது. ஆனா அந்த மாற்றத்தை அது தேர்ந்தெடுக்கல.

(ஒரு ஆறுதல் தகவல்: எட்டு வரை ஆர்.டி.இ.யில் தனியாரில் படிச்சு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிச்சா, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. டி.சி.யையும் ஆர்.டி.இ. சேர்க்கைக்கான சான்றையும் பத்திரமா வச்சுக்கோங்க.)

இது தமிழ்நாடு, டெல்லி சண்டை மட்டும்னு நினைக்க வேண்டாம். கர்நாடகத்தில் 2018 கடைசியில் விதியை மாத்தினாங்க. பக்கத்தில் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தா, தனியாரில் ஆர்.டி.இ. சேர்க்கை இல்லைன்னு. உயர் நீதிமன்றமும் அதை ஏத்துக்கிச்சு. மகாராஷ்டிரத்தில் 2024 பிப்ரவரியில் கிட்டத்தட்ட அதே மாதிரி விதி வந்தது. ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. ஒரே சட்டம். பெலகாவியில் இருக்கிற அம்மாவுக்கு ஒரு பதில், கோலாப்பூரில் இருக்கிற அம்மாவுக்கு வேற பதில். எந்தப் பதிலுக்கும் அந்த அம்மாவை யாரும் கேட்கல.

என்ன செய்யணும்னு நான் நினைக்கிறேன்?

1. ஆர்.டி.இ. பணம் எந்தத் திட்டத்தோடும், எந்தக் கையெழுத்தோடும் கட்டப்படாம தனியா வரணும். உரிமைன்னு சட்டத்தில் எழுதினதுக்கு நிபந்தனை வைக்கக் கூடாது.

2. பணம் தாமதமானாலும் விண்ணப்பம் ஏப்ரலில் திறந்தே ஆகணும். அரசுகள் கணக்கை அப்புறம் தீர்த்துக்கட்டும். குழந்தை வயசு காத்திருக்காது.

3. உரிமை எட்டாம் வகுப்போடு நிற்காம பன்னிரண்டு வரை போகணும்.

4. எல்லாத்தையும் விட முக்கியமா, ஒவ்வொரு அரசுத் தொடக்கப் பள்ளியிலும் எல்.கே.ஜி. வரணும், அதுக்கு ஆசிரியர் வரணும். வீட்டுப் பக்கத்தில் நல்ல அரசுப் பள்ளி இருக்கிற அம்மா, எந்த அமைச்சரின் கையெழுத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றோர் கவனத்துக்குச் சில விஷயங்கள்:

நலிந்த பிரிவில் வர ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்கணும். வருமானச் சான்றை மார்ச் மாசமே வாங்கி வச்சிடுங்க.

வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகளுக்குத்தான் போடலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது. முன்கூட்டியே விசாரிங்க.

ஆதரவற்ற குழந்தை, ஹெச்.ஐ.வி. பாதித்த குழந்தை, மாற்றுத்திறன் குழந்தை, தூய்மைப் பணியாளர் குழந்தை, இவங்களுக்கு முன்னுரிமை உண்டு. மாற்றுத்திறன் சான்றுக்கு அரசு மருத்துவமனைக்கு வாங்க, நாங்க தர்றோம்.

ஆர்.டி.இ.யில் சேர்ந்த பிறகு அந்த ஃபீஸ், இந்த ஃபீஸ்னு கேட்டா ரசீது கேளுங்க. தரலன்னா மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) எழுத்துப்பூர்வமா புகார் கொடுங்க. வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

அடுத்த தடவை ஓட்டுக் கேட்க யார் வந்தாலும், எந்தக் கட்சியா இருந்தாலும், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எங்க தெரு அரசுப் பள்ளியில் எல்.கே.ஜி. எப்போ?"

சின்னக் குழந்தை இருக்கிற வீடுகளுக்குப் பகிருங்க.