பொத்தானின் வீடு

தையற்கடைகளில் பொத்தான் நுழையும் துளைக்குக் ‘காஜா’ என்று பெயர். சட்டை தைப்பவர் ஒருவர், காஜா எடுப்பவர் மற்றொருவர் என்பது அத்தொழிலின் பழைய வழக்கம். ‘பொத்தான்’ போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல். காஜாவின் வேரும் அங்கேயே இருக்கிறது. மராத்தியிலும் இந்தியிலும் அது ‘காஜ்’. அதற்கு மூலம் போர்த்துக்கீசிய ‘காசா’. காசா என்றால் வீடு. பொத்தான் துளைக்கும் அம்மொழியில் அதுவே பெயர். நூறாண்டுகளுக்கு மேல் போர்த்துக்கீசியர் வசமிருந்த மும்பைத் தீவுகளில், இன்று ஆயத்த ஆடைப் பட்டறைகள் நிறைந்த தாராவியில், தமிழும் மராத்தியும் இந்தியும் பேசும் தையற்காரர்கள் நாளெல்லாம் இந்தச் சொல்லைப் புழங்குகிறார்கள்.

நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு பொத்தானை அதன் வீட்டுக்குள் கொண்டுசேர்ப்பது எளிய செயலன்று. ஒரு கையின் இருவிரல்கள் பொத்தானின் விளிம்பைப் பற்ற வேண்டும். மறுகை துளையை விரித்துப் பிடிக்க வேண்டும். பொத்தான் பாதி நுழைந்ததும் கைகள் தம் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும்; தள்ளிய கை விட்டுவிட, பிடித்த கை இழுக்க வேண்டும். கழுத்துப் பொத்தானோ கண்ணுக்கே தெரியாது. இத்தனையையும் அக்குழந்தை பள்ளி மணிக்கு முன்னால், ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்னும் குரல்களுக்கு நடுவே செய்தாக வேண்டும். செய்ய முடியாதபோது பெரியவர் கை குறுக்கே வந்து வேலையை முடித்துவிடுகிறது. அன்று நேரம் மிச்சமாகிறது; மறுநாளும் அதே கை தேவைப்படுகிறது.

தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் ஒன்றில், குறுக்கே வந்த கை ஒரு சிறுமியுடையது. தாய் பட்டறையிலிருந்து சட்டைகளை வாங்கிவந்து, பிசிறு வெட்டி, பொத்தான் தைத்துக் கொடுப்பவர். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரமும் பிள்ளைகள் புறப்படும் நேரமும் ஒன்றே. தாய் குடங்களோடு நிற்க, ஆறு வயதுத் தம்பிக்கும் நான்கு வயதுத் தங்கைக்கும் உடுத்திவிடும் பொறுப்பு ஆறாம் வகுப்பில் படிக்கும் மூத்த மகளிடம் வந்துசேர்ந்தது. இருவரையும் ஆயத்தப்படுத்தி, தங்கையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு அவள் வகுப்புக்குள் நுழையும்போது முதல் பாடவேளை பாதி கடந்திருக்கும். அது கணக்குப் பாடம். மதிப்பெண் பட்டியலில் கணக்கு மட்டும் இறங்கிக்கொண்டே வந்ததைத் தாய் கவனித்தார். காரணம் மகளின் அறிவில் இல்லை, தம்பியின் சட்டையில் இருக்கிறது என்பது அவருக்கு விளங்கியது.

அவர் செய்தது மிகச் சிறிய காரியம். பட்டறையில் கழித்துப்போட்ட சட்டைகளின் முன்பகுதிகளை எடுத்துவந்தார். தடித்த அட்டையைச் சதுரமாக வெட்டி, இடப்பகுதியையும் வலப்பகுதியையும் நடுவில் சந்திக்கும்படி இழுத்து, ஓரங்களைப் பின்புறம் மடித்துத் தைத்தார். முதல் அட்டையில் பெரிய பொத்தான்கள், தாராளமான காஜாக்கள். இரண்டாவதில் சட்டைப் பொத்தான்கள். மூன்றாவதில் கவுனுக்குரிய கொக்கிகள். நான்காவதற்குத் தோல் பட்டறை எறிந்த துண்டு ஒன்று உதவியது. அதில் இருவரிசைத் துளையிட்டு, இரு நிறத்தில் ஷூ கயிறு கோத்தார். எந்தக் கயிறு எதன்மேல் போகிறது என்பது நிறத்தால் விளங்கும்.

இந்த அட்டைகள் காலையில் வெளியே வருவதில்லை. மாலையில் தாய் சட்டைக் குவியலோடு அமரும்போது சிறியவர்கள் இருவரும் அருகே அட்டையோடு அமர்வார்கள். தாய் ஒருமுறை மெதுவாகச் செய்து காட்டுவார். விளக்கம் கிடையாது. மகன் பாதியில் அலுத்து அக்காவை அழைத்தால் ஒரே ஒரு வாக்கியம்: “ஏல, அக்காவக் கூப்பிடாத. நீயே போட்டுப் பாரு.” பழகும் நேரமும் விரையும் நேரமும் இவ்வாறு பிரிந்தன. மாலையில் பொத்தான் நுழையாவிட்டால் எவருக்கும் எதுவும் தாமதமாவதில்லை.

காலைக்கான ஏற்பாடுகள் வேறு. ஆளுயர ஆணியில் தொங்கிய சீருடை, மகனின் கைக்கெட்டும் உயரத்தில் கட்டிய கயிற்றுக்கு இறங்கிவந்தது. உடுத்தும் வரிசையிலேயே துணிகள் இரவே தொங்கவிடப்பட்டன. சட்டையைக் கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. அதுதான் கண்ணுக்குத் தெரிவது, கீழ் ஓரங்கள் இரண்டும் சேர்ந்தால் மேலே பிசகாது. ஒட்டுப்படம் ஒன்றை இரண்டாக வெட்டி இரு ஷூக்களின் உள்ளேயும் ஒட்டினார். படம் சேர்ந்தால் கால் மாறவில்லை. இவையெல்லாம் எந்தத் தாய்க்கும் தோன்றக்கூடியவை. இன்னொன்று பொத்தான் தைப்பவருக்கு மட்டுமே தோன்றக்கூடியது. சீருடைப் பொத்தான்களை அறுத்தெடுத்து, துணிக்கும் பொத்தானுக்கும் இடையே நூற்கழுத்தைச் சற்று நீட்டித் தைத்தார். துணியோடு ஒட்டிக் கிடந்த பொத்தான் எழுந்து நின்றது. சிறுவிரல்களுக்குப் பிடி கிடைத்தது.

கல்வியியல் மாணவர்கள் இந்த அட்டைகளை உடனே அடையாளம் காண்பார்கள். மரச்சட்டத்தில் இரு துணிப்பகுதிகளைப் பொருத்திப் பொத்தான், கொக்கி, கயிறு, நாடா என ஒவ்வொன்றாகப் பழக்கும் கருவி மரியா மாண்டிசோரியின் முறையில் முதன்மையானவற்றுள் ஒன்று. அத்தாய் அப்பெயரைக் கேள்விப்பட்டவரல்லர். ஆனால் இரு இடங்களின் நிலைமையும் ஒன்றே. 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மாண்டிசோரி தம் முதல் நிலையத்தைத் திறந்தார். அது உழைப்பாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் பார்ப்பாரற்றுத் திரிந்த இடம். நிலையத்தின் பெயர் ‘காசா தெய் பம்பினி’, அதாவது குழந்தைகளின் வீடு. காஜாவுக்குள் ஒளிந்திருக்கும் அதே ‘காசா’. இத்தாலியமும் போர்த்துக்கீசியமும் இலத்தீனின் ஒரே சொல்லிலிருந்து பெற்றது.

மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் மூண்டிருந்த காலம். இத்தாலியர் என்பதால் கட்டுப்பாடுகளுக்கும் ஆளானார். 1946 வரை இந்நாட்டில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆயினும் ஏழைக் குடியிருப்பில் பிறந்த அவரது முறை, இந்திய நகரங்களில் மெருகேற்றிய மரக்கருவிகளோடும் உயர்ந்த கட்டணத்தோடும் அடையாளப்பட்டுப் போனது.

அதை மீண்டும் முற்றத்துக்குக் கொண்டுவந்தவர் தாராபாய் மோடக். கிஜுபாய் பதேகாவோடு 1926-இல் நூதன் பால சிக்ஷண சங்கத்தைத் தொடங்கியவர். 1936-இல் மும்பை தாதரில் சிசு விஹாரை நிறுவியவர். விலையுயர்ந்த கருவிகள் ஏழைப் பிள்ளைகளைச் சென்றடையா என்று கண்டு 1945-இல் போர்டி கிராமத்துக்குப் போனார். அங்கு அனுதாய் வாக் துணைசேர, கிராமத்தில் கிடைக்கும் பொருள்களிலிருந்தே கருவிகள் உருவாயின. பள்ளிக்கு வராத பிள்ளைகளின் முற்றத்துக்கே பள்ளி போயிற்று. முற்றம் மராத்தியில் ‘அங்கண்’. அங்கன்வாடி என்னும் பெயர் அப்படி வந்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கியபோது அவற்றுள் தாராவியும் ஒன்று. அவ்விதத்தில், அங்கன்வாடிக்குப் போகும் நான்கு வயது மகளின் கையிலிருந்த அட்டை, முற்றத்திலிருந்து புறப்பட்ட ஒரு மரபுக்குத் தெரியாமலே உறவாகிறது.

இந்த ஏற்பாட்டால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தங்கையின் கவுனுக்குக் கொக்கி முதுகில் இருக்கிறது. எத்தனை அட்டையில் பழகினாலும் அந்தக் கை அங்கே எட்டாது. இரட்டைப் பின்னலுக்கு ரிப்பன் கட்ட இன்னும் அக்காதான். ஜூனில் பள்ளி திறக்கும்போதே மழையும் தொடங்கிவிடுகிறது. பரண் ஓரத்தில் அரைகுறையாகக் காய்ந்த சீருடையின் காஜா இறுகிப்போய், பழகிய விரலும் வழுக்குகிறது. குழந்தையால் உடுத்த முடியுமா என்று எண்ணிப் பாராமல் சீருடையை வகுப்பவர்களும் இந்தக் கணக்கில் ஒரு பங்காளிகள். முதுகுக் கொக்கியை முன்னால் வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

விரல்நுண்திறன் பற்றிய ஆய்வுகள் குழந்தை எத்தனை வயதில் பொத்தான் போடுகிறது என்று அளக்கின்றன. அதுவரை போட்டுவிட்டவர் யார், அதற்காக அவர் எதை இழந்தார் என்பதையும் கேட்கலாம். இந்த வீட்டில் அதற்கான விடை பதினொரு வயதுச் சிறுமியின் கணக்குப் பாடம். தம்பி தன் சட்டையைத் தானே போடத் தொடங்கிய பின், மழையில்லாத நாட்களில் பெரும்பாலும் அவள் வருகைப்பதிவு எடுக்கும்போதே வகுப்பில் இருக்கிறாள். ஏணிப்படிக்கு மேலே குடியிருப்பவரின் வீட்டிலும் உடுத்திவிடுபவள் ஒரு மூத்த மகளே. அவர்களுக்காக இப்போது ஐந்தாவது அட்டை தயாராகிறது.