எழுத்து வளர்த்த நட்பும் நட்பு வளர்த்த எழுத்தும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று துறைத் தலைவர் அவர்கள் அன்புடன் பணித்தபோது, எதைப் பற்றி எழுதலாம் என இரண்டு நாள் சிந்தித்தேன். இலக்கிய ஆய்வுக் கட்டுரை ஒன்றினை எழுதித் தருவது எனக்கு எளிது. ஆயினும், மாணவப் பருவத்தில் நான் செய்த ஒரு பிழையை, இன்று எழுதத் தொடங்கியிருக்கும் இளையோருக்குச் சொல்லாமல் விடுவது ஆசிரியனாக வாழ்ந்தவனுக்கு அழகன்று எனத் தோன்றிற்று. எழுதுவோர் ஒருவருக்கொருவர் எவ்வாறு துணையாகலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். அதனை நான் கற்றது வகுப்பறையில் அன்று. வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டில்.

என் ஊர் வண்டியூர். மன்னர் திருமலை நாயக்கர் காலத்துத் தெப்பக்குளம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவுதான். ஒருபுறம் ஏறத்தாழ ஆயிரம் அடி நீளமுள்ள அக்குளம், நான் மாணவனாயிருந்த நாளில் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். மைய மண்டபத்தைச் சுற்றிச் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். வைகையிலிருந்து நீர் கொண்டு வரும் கால்வாய் தூர்ந்து போனமையால் வந்த வறட்சி அது. அந்தப் படிக்கட்டில்தான் மாலைதோறும் நாங்கள் மூவர் கூடுவோம்.

1986ஆம் ஆண்டு நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு கையெழுத்து இதழ் தொடங்கினோம். எங்களுள் கையெழுத்து அழகாக அமைந்தவர், கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதி மூன்று படிகள் எடுப்பார். ஒன்று மாணவர் விடுதிக்கு, ஒன்று ஊர்ப் படிப்பகத்துக்கு, ஒன்று எங்களுக்கு. கவிதை என்னுடையது, கட்டுரை, படியெடுக்கும் நண்பருடையது, கதை, கண்மாய்க்கு அப்பால் வாழ்ந்த ஓர் உழவர் குடும்பத்துப் பிள்ளையுடையது. மூவர் வீட்டு அடுப்பங்கரையும் மூவருக்கும் திறந்தே இருந்தது. நோன்புக் கஞ்சி அங்கே போகும். பொங்கல் இங்கே வரும். கள்ளழகர் வண்டியூருக்கு வந்து தங்குவதற்குத் துலுக்க நாச்சியார் கதையைக் காரணமாகச் சொல்லும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை.

கட்டுரை எழுதிய நண்பருக்கும் எனக்கும் விரைவிலேயே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. வாய்விட்டுச் சொல்லிச் செய்துகொண்டதன்று; தானாக வளர்ந்தது. என் கவிதையை அவர் வானளாவப் புகழ்வார். அவர் கட்டுரையை நான் அதற்குக் குறையாமல் புகழ்வேன். கதை எழுதிய நண்பரோ வேறு வகை. கவிதையைக் கொடுத்தால் வீட்டுக்கு எடுத்துச் செல்வார். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தரும்போது ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருக்கும். ‘இந்தச் சொல் ஓசைக்காக வந்தது’, ‘இது நீ கண்டதா, படித்ததா?’ என்றெல்லாம் எழுதியிருப்பார். ஒரு முறை இருபது அடிக் கவிதையில் பதினொன்றை அடித்துவிட்டார். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

சில வாரங்களுக்குப் பின், அவர் தாம் எழுதிய நெடுங்கதை ஒன்றை என்னிடம் கொடுத்தார். அறுபது பக்கங்களுக்குக் குறையாது. மேலும் கீழும் அட்டை வைத்து, சணல் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நடுவில் இறுக்கி முடிச்சிட்டிருந்தார். “பொறுமையாப் படிச்சுட்டு, மனசுல பட்டதைச் சொல்லு மாப்பிள்ளை” என்றார்.

தேர்வு நெருங்கியிருந்தது என்பது ஒரு காரணம். அடிக்கப்பட்ட பதினொரு அடிகள் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தன என்பதே உண்மையான காரணம். கட்டு என் மேசைமேல் பத்து நாள் கிடந்தது. பதினோராம் நாள் ஒரு சிறு தாளில் ‘மிக நன்று, நடை சிறப்பு’ என எழுதி, அதை நூலுக்கு அடியில் செருகித் திருப்பித் தந்துவிட்டேன். அவர் வாங்கினார். தாளைப் படித்தார். பிறகு முடிச்சைப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. “சரி மாப்பிள்ளை” என்றார், அவ்வளவுதான். அதன்பின் அவர் எனக்கு எதையும் படிக்கத் தரவில்லை. எவருக்கும் தந்ததாகவும் தெரியவில்லை. இதழ் ஏழாவது எண்ணோடு நின்றுபோயிற்று.

பின்னர் நான் தமிழாசிரியனானேன். என் முதல் கவிதைத் தொகுதிக்காகப் பழைய இதழ்களைப் புரட்டியபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. அவர் அடித்த அடிகளுள் ஒன்றைக்கூட மீண்டும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. மற்றவர் வானளாவப் புகழ்ந்த கவிதைகளுள் ஒன்றுகூடத் தொகுதியில் இடம்பெறத் தகுதி பெறவில்லை. புகழ்ந்தவரை நான் குறை கூறவில்லை. அவருக்கு நான் தந்ததும் அதே செல்லாக் காசுதான்.

இலக்கிய உலகில் பயன் விளைத்த நட்புகள் எவ்வாறு அமைந்தன என்று அதன்பின் கூர்ந்து பார்க்கலானேன். நம் மதுரை வட்டாரத்திலேயே தக்க சான்று இருந்தது. பழைய மதுரை மாவட்டத்து வத்தலக்குண்டு, பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா ஆகிய இருவரையும் தமிழுக்குத் தந்த ஊர். 1933இல் தோன்றிய ‘மணிக்கொடி’, 1935இல் ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே வெளிவரும் இதழாயிற்று. புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி முதலியோர் அதில் எழுதினர். மௌனியை எழுதத் தூண்டி, அப்புனைபெயரைச் சூட்டியவரும் ராமையாவே என்பர். தம்மினும் இளையவரான செல்லப்பாவின் கதைகளையும் அவர் ஏற்று வெளியிட்டார்.

அந்தக் கடனைச் செல்லப்பா எவ்வாறு திருப்பிச் செலுத்தினார் என்பதே கருதத்தக்கது. புகழுரை எழுதி அவர் கணக்குத் தீர்க்கவில்லை. 1959 சனவரியில் ‘எழுத்து’ என்னும் இதழைத் தொடங்கி, தமக்கு ராமையா திறந்துவிட்ட கதவைத் தமக்குப் பின் வந்தவர்களுக்குத் திறந்துவிட்டார். இலங்கைத் திருகோணமலையிலிருந்து எழுதிய தருமு சிவராமு போன்ற இளைஞர்களின் கவிதைகளுக்கு அவ்விதழ் இடமளித்தது. 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்துப் ‘புதுக்குரல்கள்’ என வெளியிட்டார். புத்தகக் கட்டுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். 1970 வரை அவ்விதழை நடத்தினார். முதுமையில் அமர்ந்து, ராமையாவின் கதைகளை ஆராய்ந்து, அவருடைய சிறுகதைப் பாணியைப் பற்றித் தனி நூலே எழுதினார். நண்பருடைய எழுத்தை முழுவதும் படிப்பதே நண்பருக்குச் செய்யும் உயர்ந்த சிறப்பு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

சற்றுப் பின்னோக்கிச் சென்றால் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நினைவுக்கு வருகிறார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த அவருக்கு, அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியாரின் நட்புக் கிடைத்தது. ஐயர் அதுவரை கற்ற நூல்களின் நீண்ட பட்டியலைக் கேட்டும் முதலியார் வியந்துவிடவில்லை. அவற்றினும் பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். புகழ்ச்சியை எதிர்பார்த்துச் சென்றவருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த வினாவிலிருந்துதான் சீவக சிந்தாமணிப் பதிப்பு பிறந்தது. சைவ மடத்தில் பயின்ற ஐயருக்குச் சமணக் கருத்துகள் விளங்காதபோது, கும்பகோணத்துச் சமண நண்பர்கள் தம் இல்லங்களில் அவரை அமர்த்தி, ஐயங்களைத் தெளிவித்தனர். 1887இல் நூல் அச்சேறியது. பின்னர் மணிமேகலைக்காகப் பௌத்தக் கருத்துகளை அறிய வேண்டியபோது, வைணவரான பேராசிரியர் ரங்காசாரியர் துணை நின்றார். ஒரு சமயத்தார் நூல் மற்றொரு சமயத்தார் உழைப்பால் உயிர்பெற்ற வரலாறு இது.

நம்மவர் வரலாறும் இதனையே கூறும். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்தின் புலவர் அவையில் நாகூர் குலாம் காதிறு நாவலரும் ஒருவராய் வீற்றிருந்தார். கற்றலும் கற்பித்தலுமே அங்கெல்லாம் உறவாக இருந்தன. ஒருவர் மற்றவருக்குச் செய்த உதவிக்கு உடனுக்குடன் கைம்மாறு எதிர்பார்க்கப்படவில்லை.

மாணவ நண்பர்களே! இவற்றிலிருந்து நான் தேர்ந்துகொண்டவை மூன்று. ஒன்று: நண்பர் எழுதியதை முழுவதும் படியுங்கள். படிக்க இயலாவிடில், இயலவில்லை என்று சொல்லித் திருப்பித் தாருங்கள், அதில் இழிவில்லை. படிக்காமல் புகழ்வதில்தான் இழிவு உண்டு. இரண்டு: குறையைத் தனிமையில் அவரிடமே சொல்லுங்கள், நிறையைப் பலர் அறியப் பேசுங்கள். நாம் பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். திருவள்ளுவர் நட்பைப் பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தவர். அவற்றுள் முதல் அதிகாரத்திலேயே இடித்துரைத்தலை நண்பரின் கடமையாகச் சொல்லியிருக்கிறார். மூன்று: உங்களுக்குக் கிடைத்த நூலையும், வாய்ப்பையும், நல்லாசிரியரின் அறிமுகத்தையும் அடுத்தவருக்குக் கைமாற்றுங்கள். கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போக வேண்டும். தேக்கி வைத்தால் கரைதான் உடையும்.

இன்று கைப்பேசியில் கவிதை வந்து சேர்ந்த மறுநொடியே ‘அருமை’ என்று பதில் போகிறது. அதைக் காணும்போதெல்லாம் அந்தச் சணல் முடிச்சுதான் என் கண்முன் தோன்றும்.

சென்ற ஆண்டு சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் அந்த நண்பரைச் சந்தித்தேன். இடையில் திருமணங்களிலும் துக்க வீடுகளிலும் கண்டு நலம் விசாரித்திருக்கிறோம். எழுத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. அன்று அவர் வீட்டுக்குச் சென்று, அந்தக் கதை இருக்கிறதா என்று கேட்டேன். “இப்ப எதுக்கு மாப்பிள்ளை அதெல்லாம்?” என்றார். அவருடைய துணைவியார்தாம் பரணிலிருந்து எடுத்துத் தந்தார். அப்போதே, அவர் முன்னிலையிலேயே, நான் அன்று செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “எனக்குத் தெரியுமே” என்று மட்டும் சொன்னார். நூல் மக்கிப் போயிருந்தது, தொட்டவுடன் அறுந்தது.

இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். கண்மாய் மடையைக் காக்கும் நீர்பாய்ச்சி ஒருவரின் கதை. தொடக்கப் பக்கங்கள் தளர்ந்திருந்தன. முடிவில் அறிவுரை மிகுந்திருந்தது. ஆனால், நள்ளிரவில் மடை திறக்கும் அந்த நடுப்பகுதியைப் போல என்னால் இன்றளவும் எழுத இயன்றதில்லை. இருபது வயதில் அவர் எழுதியது அது. அன்று நான் படித்திருந்தால் அவர் தொடர்ந்து எழுதியிருப்பாரா என்பதை நான் அறியேன். படிக்காமல் விட்டவனுக்கு அதை அறியும் உரிமையும் இல்லை.

பென்சிலால் குறிப்புகள் எழுதி, கதையைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தெப்பக்குளத்துப் படிக்கட்டில்தான் அமர்ந்தோம். பனையூர்க் கால்வாய் சீரமைக்கப்பட்ட பின் அக்குளத்துக்கு மீண்டும் வைகை நீர் வருகிறது. அன்று மைய மண்டபத்தைச் சுற்றி நீர் அலையடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குறிப்பையும் நிதானமாகப் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் விரல் வைத்து, “இங்க நீ சொல்றது தப்பு மாப்பிள்ளை” என்றார். நான் மறுத்தேன். அவர் விடவில்லை. விளக்கு ஏற்றிய பின்னும் வாதிட்டுக்கொண்டிருந்தோம்.

அவர் மீண்டும் எழுதுவதாக வாக்களிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எழும்போது, “நீ இப்ப எழுதுறதக் கொண்டா, பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார். இந்தக் கட்டுரையும் அவ்வாறே அவர் கைக்குச் சென்று, நான்கிடங்களில் அடிக்கப்பெற்ற பின்னரே உங்கள் முன் வருகிறது.