மூடி போட ஒரு கருவி

பதினொன்றாவது போத்தலில் கழுத்து உடைந்தது. என் கட்டைவிரலும் கிழிந்தது. சமையலறைத் தரையில் பீரும் கொஞ்சம் இரத்தமும். அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை எடுத்து வந்தார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டில் பீர் தயாரிக்கிறேன் என்று சொன்னால் உறவினர்கள் முதலில் கேட்பது, “போலிஸ் பிடிக்காதா?” என்பதுதான். பிடிக்காது. சிங்கப்பூரில் சொந்தப் பயனுக்காக, ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டருக்கு மிகாமல் நொதிக்க வைத்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கக் கூடாது. அடுத்த கேள்வி, “கடையில் கிடைக்காததா?” அதற்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் கிடையாது. மால்ட் வேகும் வாசம் எனக்குப் பிடிக்கும். வாளியின் மூடியில் காற்று ‘ப்ளுக் ப்ளுக்’ என்று வெளியேறும் சத்தமும் பிடிக்கும். அவ்வளவுதான்.

அம்மா இந்த இரண்டையும் கேட்டதில்லை. அவர் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா சம்சு குடித்தே போனவர். சம்பள நாளில் பாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பக்கத்து லயத்தில் போய் உட்கார்ந்திருப்பாராம். அந்தக் கதையை அம்மா எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். எனவே வாளியை நான் முதன்முதலில் சமையலறையில் வைத்தபோது, அவர் சாமிப் படங்களைத் தம் அறைக்கு மாற்றிக்கொண்டார். அதுதான் அவருடைய கருத்து.

அப்பாவும் அம்மாவும் எங்களோடு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வந்தார்கள். நடை ஓரளவு திரும்பிவிட்டது. இடது கைதான் சரியாக வரவில்லை. “அந்தக் கைக்கு வேலை கொடுங்கள்” என்று இயன்மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். ரப்பர் பந்து, துணி மாட்டும் கிளிப், பலகையில் குத்தும் பிளாஸ்டிக் ஆணி என்று எல்லாம் வாங்கி வைத்தோம். “நான் என்ன பாலர் பள்ளியா?” என்று ஒதுக்கிவிட்டார்.

கழுத்து உடைந்த அன்று அவர் சோபாவில் இருந்தார். எழுந்து மெல்ல வந்து, உடைந்த கழுத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இந்தப் போத்தலுக்கு இந்தக் கருவி ஆகாதுடா.”

எழுபதுகளில் அப்பா ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில் போத்தல் வரிசையில் நின்றவர். எனக்கு அது தெரியும், ஆனால் நினைவில் இருந்ததில்லை. நான் அப்போது வைத்திருந்தது இரண்டு கைப்பிடிகள் இறக்கைபோல விரியும் கருவி. விலை குறைவு, இழுப்பறையில் அடங்கிவிடும், புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்குகிறார்கள். மூடியைப் போத்தலின் வாயில் வைத்து, இரண்டு கைப்பிடிகளையும் ஒரே நேரத்தில் கீழே அழுத்த வேண்டும். அழுத்தும்போது அதன் இரண்டு தாடைகளும் போத்தல் கழுத்தில் இருக்கும் கண்ணாடி வளையத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த வளையம் தடிப்பாக இருந்தால் பிரச்சினை இல்லை. வளையம் மெலிந்த போத்தல் என்றால் தாடை வழுக்கும், இல்லாவிட்டால் கழுத்தே போய்விடும். நான் அன்று வைத்திருந்தது நண்பர்கள் குடித்துவிட்டுக் கொடுத்த வெளிநாட்டுப் போத்தல்கள். பத்து வகை, பத்து உயரம்.

“காப்பிக்கடைப் பெரிய போத்தலை வாங்கு. அது திரும்பத் திரும்பக் கழுவி நிரப்புறதுக்குச் செஞ்சது. கண்ணாடி தடிப்பு” என்றார் அப்பா. பிறகு என் கையில் இருந்த மூடியை வாங்கி, “பல்லை எண்ணு. 21 இருக்கும்” என்றார். எண்ணினேன், 21. இந்த வகை மூடிக்கு 1892ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் வில்லியம் பெயின்டர். அவர் காலத்து மூடியில் 24 பல் இருந்தது என்பதைப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அந்த வரலாறெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது 21. சின்ன வயதில் மூடிக்குள் இருக்கும் தக்கையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தகரத்தைத் தட்டித் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு நூல் கோத்துச் சுழற்றி விளையாடியதையும் சொன்னார். பக்கவாதம் வந்த பிறகு அவர் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

வேறு கருவி தேட ஆரம்பித்தேன். சுத்தியலால் தட்டிப் போடும் வகை ஒன்று உண்டு. வீவக வீட்டில் இரவு பத்து மணிக்கு அதை யோசிக்கவே வேண்டாம். மிச்சம் இருந்தது மேசைக் கருவி. அடித்தட்டில் போத்தலை நிறுத்தி, தூணில் இருக்கும் ஒற்றைக் கைப்பிடியைக் கீழே இழுத்தால், மேலிருந்து நேராக அழுத்தி மூடியை மடக்கும். கழுத்தைப் பிடிப்பதே இல்லை. அதனால் வளையம் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. விலை இரண்டு மடங்கு, இடமும் பிடிக்கும். “ரைஸ் குக்கரை எங்கே வைக்கிறது?” என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி.

ஆனால் எனக்கு வேறொரு கணக்கு இருந்தது. இறக்கைக் கருவிக்குச் சம பலமுள்ள இரண்டு கைகள் வேண்டும். மேசைக் கருவியை இழுக்க வலது கை ஒன்றே போதும். இடது கை மூடியை எடுத்து வைத்து, போத்தலைப் பிடித்துக்கொண்டால் சரி. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா தொட்டிருக்க மாட்டார்.

வாங்குபவர்களுக்குச் சில விஷயங்கள். நம் ஊர்ப் போத்தல்களுக்குப் பெரும்பாலும் 26 மில்லிமீட்டர் மூடி. சில ஐரோப்பியப் போத்தல்களின் வாய் 29 மில்லிமீட்டர், அதற்கு அழுத்தும் தலையை மாற்ற வேண்டும். தூண் இரும்பா பிளாஸ்டிக்கா என்று தட்டிப் பாருங்கள். உயரத்தை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், ஆனால் ஒரே அளவுப் போத்தல்களாகச் சேர்ப்பதுதான் நிம்மதி. அடித்தட்டைக் கனமான பலகையில் திருகாணி போட்டு இறுக்குங்கள். திருகித் திறக்கும் போத்தல்களில் இந்த மூடி சரியாக உட்காராது. போட்ட மூடியை விரலால் திருகிப் பாருங்கள். சுற்றினால் இறுக்கம் போதவில்லை.

மூடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே அழுத்தம் மிதமிஞ்சினால் போத்தல் வெடிக்கும். அம்மா பயந்ததும் இதற்குத்தான். நொதித்தல் முடிந்ததா என்று கண்ணால் சொல்ல முடியாது. அடர்த்திமானி மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அதன் பிறகே லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் சர்க்கரை கலந்து போத்தலில் ஊற்றுவேன். நம் வீட்டு 30 டிகிரி வெப்பம் வழக்கமான ஈஸ்ட்டுக்கு ஒத்துவராது. என் முதல் பீரில் நெயில் பாலிஷ் வாடை அடித்தது. இப்போது நார்வே நாட்டுப் பண்ணைகளிலிருந்து வந்த க்வைக் என்ற ஈஸ்ட்டைப் பயன்படுத்துகிறேன். அதற்கு இந்த வெப்பம்தான் பிடிக்கிறது.

காப்பிக்கடையிலிருந்து 30 பெரிய போத்தல் வாங்கி வந்து கழுவினேன். மேசைக் கருவியைப் பலகையில் இறுக்கி, உணவு மேசையில் வைத்தேன். “சரியா இருக்கான்னு பாருங்கப்பா” என்று மட்டும் சொன்னேன்.

அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அழுத்தும் தலையில் ஒரு காந்தம் இருக்கிறது, மூடியை அதில் ஒட்டவைக்க வேண்டும். வலது கையால் இரண்டு மூடி ஒட்டவைத்தார். மூன்றாவதற்கு வலது கை கைப்பிடியிலேயே இருந்தது. இடது கையால் கிண்ணத்திலிருந்து மூடியை எடுக்கப் பார்த்தார். விழுந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது. நான் குனியப் போனேன். “விடு” என்றார். ஒரு போத்தலுக்கு இரண்டு நிமிடம் ஆனது. என் மனைவி பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வந்தபோது பன்னிரண்டு முடிந்திருந்தது. தரையெல்லாம் மூடி.

இருபதுக்கு மேல் கை நடுங்கியது. “மிச்சத்தை நாளைக்குப் போடலாமா?” என்றார். சர்க்கரை கலந்தாகிவிட்டது, நாளைக்குப் போட முடியாது என்றேன். முறைத்துவிட்டுத் தொடர்ந்தார். கடைசி நான்கை நான் போட்டேன்.

அப்பா பீர் குடிப்பதில்லை. இரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுகிறார், மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆனாலும் இரண்டு வாரம் கழித்து நான் முதல் போத்தலைத் திறந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டார்.

சாமிப் படங்கள் இன்னும் அம்மாவின் அறையில்தான் இருக்கின்றன. போன வாரம் நான் மால்ட் வாங்கப் பட்டியல் எழுதும்போது அம்மா அருகில் வந்தார்.

“அடுத்தது எப்பப் போடுறே?”

“ஏன்மா?”

“அந்த மூடியெல்லாம் தீர்ந்துபோச்சாம். அப்பா கேட்கச் சொன்னாரு.”