பெயரில் நிற்கும் காடு

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்குப் பஸ் ஏறினால், முதலில் தொழிற்சாலை மதில்கள், அப்பால் ராகி வயல்கள், முடிவில் நீலமாய் மேலகிரி மலை. சென்ற மார்கழியில் என் மாணவன் ஒருவனுடன் அவ்வழியே சென்றேன். சரித்திரப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவன், "ஐயா, 'டி சில்வா' என்ற பெயருக்குப் பொருள் உண்டா?" என்று கேட்டான்.

உண்டு. இலத்தீனில் 'சில்வா' என்றால் காடு. போர்த்துகீசியரோடு இலங்கைக்கு வந்த அப்பெயர், இன்று அங்கே எத்தனையோ சிங்களக் குடும்பங்களின் பெயர். 1792-ல் நம் நாட்டுக்கு வந்து, மைசூர்ச் சீமையில் வாழ்ந்து, நம் பழக்கவழக்கங்களைப் பற்றி நூல் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் துபுவாவின் பெயருக்கும் 'காட்டைச் சேர்ந்தவர்' என்றே பொருள். ஒரே பெயருடையோர் ஊரில் பலரானபோது, காட்டோரம் வசித்தவனைக் காட்டைச் சொல்லி அழைத்தார்கள்; அதுவே சந்ததிக்கும் நிலைத்தது.

"நம்மவருக்கு?" என்றான் பையன்.

நம்மவர் ஊர்களுக்கு அப்படிப் பெயரிட்டனர். ஆலமரம் அடர்ந்தது திருவாலங்காடு. வேலமரம் அடர்ந்தது திருவேற்காடு. தில்லை மரங்களால் தில்லை. இன்றோ திருவேற்காடு சென்னையின் புறநகர். அங்கே வேலங்காட்டைத் தேடுகிறவர் பெயர்ப்பலகையில்தான் காண வேண்டும்!

தேன்கனிக்கோட்டையில் கோயில் கொண்டிருப்பவர் பேட்டராய சுவாமி. கன்னடத்தில் 'பேட்டெ' என்றால் வேட்டை. வேட்டைக்கு வந்த பெருமாள் என்றால், காடு இல்லாமலா?

பேச்சின் நடுவே பஸ் நின்றது. தூரத்தில் யானைக் கூட்டம் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. ராகி விளையும் காலத்தில் அவை வருவது வழக்கம்.

அருகிலிருந்த குடியானவர் பெருமூச்செறிந்தார். "ராத்திரி முழுதும் பரண்மேல் விழித்திருந்தேன் ஐயா. இருந்தும் பாதி ராகி போயிற்று."

"காடே இல்லாவிட்டால் இந்தத் தொல்லை இராதல்லவா?" என்றான் பையன்.

"காடு அவற்றுக்குப் போதவில்லை, தம்பி. போதுமானால் என் வயலுக்கு ஏன் வருகின்றன?"

நஷ்டப்பட்டவர் வாயிலிருந்தே அந்த நியாயம் வந்தது. 2014-ல் காவிரி வடக்குச் சரணாலயமாக 504 சதுர கிலோமீட்டரும், 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயமாக 686 சதுர கிலோமீட்டரும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காப்புப் பெற்றன. நல்ல காரியமே. ஆனால் அந்தக் குடியானவரின் ராகிக்கு உரிய ஈடு தாமதமின்றிக் கிடைத்தால்தான் அவர் காட்டைப் பகையாக எண்ணாதிருப்பார்.

யானைகள் போன பின் பஸ் புறப்பட்டது. பையன் நோட்டுப் புத்தகத்தில் ஊர்ப் பெயர்களை எழுதத் தொடங்கினான். இங்கே காடு இன்னும் காடாகவே இருக்கிறது. வெறும் பெயராகிவிடாமல் காப்பது நம் கடமை.